பூல் தண்ணீர் பச்சையானால்: அறிகுறி பார்த்து வைத்தியம்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் நீச்சல் குளத்தின் பொறுப்பு என் தலையில் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. அசோசியேஷன் கூட்டத்தில் ஒருநாள் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், அதற்கான தண்டனை. முதல் ஆறு மாதம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மருந்து கொட்டினேன். கரைந்தது பராமரிப்புப் பணம்தான், பாசி அப்படியே இருந்தது. பச்சை என்று நாம் சொல்வதற்கே மூன்று காரணம் இருக்கலாம், ஒன்றுக்குப் போடுகிற மருந்து இன்னொன்றை மோசமாக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் எதை அளப்பது, அப்புறம் எதைப் போடுவது என்ற வரிசையில் எழுதுகிறேன்.

அளவுகளுக்கு ஒரு கணக்கு வேண்டும். எங்கள் பூல் 50 அடி நீளம், 20 அடி அகலம், சராசரி ஆழம் மூன்றரை அடி. மூன்றையும் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும்: ஏறத்தாழ ஒரு லட்சம். இங்கே வரும் கிலோவும் லிட்டரும் இந்த ஒரு லட்சத்துக்குத்தான். உங்கள் பூலை அளந்து ஏற்றியோ இறக்கியோ கொள்ளுங்கள். பில்டர் கொடுத்த பிரசுரத்தில் இருக்கும் கொள்ளளவை நம்ப வேண்டாம், எங்களுடையதில் அது நிஜத்தைவிடக் கால் பங்கு அதிகமாக இருந்தது.

நான் பிடித்து வைக்கப் பார்க்கும் அளவுகள்: பிஎச் (தண்ணீரின் புளிப்பு-காரத் தன்மை) 7.2 முதல் 7.6, ஃப்ரீ குளோரின் (இன்னும் வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரின்) 2 முதல் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அல்கலினிட்டி (பிஎச்சை அசையாமல் பிடிக்கும் காரத்தன்மை) 80 முதல் 120, கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400, சயனூரிக் ஆசிட் (வெயிலில் குளோரின் போகாமல் காக்கும் சரக்கு) 30 முதல் 50. கடைசியாகச் சொன்னதை எங்கள் ஊரில் அநேகமாக யாரும் அளப்பதில்லை. பாதிக் கோளாறு அங்கேதான்.

மருந்தில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. டிசிசிஏ என்ற குளோரின் சரக்கையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில், ஒரே மக்கில், ஏன் ஒரே ஈர ஸ்பூனில்கூடச் சேர விடாதீர்கள். பற்றி எரியும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டும் குளோரின் சரக்கும் சேர்ந்தால் விஷவாயு. கரைக்கும்போது பக்கெட்டில் முதலில் தண்ணீர், அதன்மேல் மருந்து. மாற்றிச் செய்யக் கூடாது. எங்கள் பம்ப் ரூமில் ஒவ்வொரு சரக்குக்கும் தனி நிற மக் வைத்து, சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறேன். பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தண்ணீர் பச்சை, கலங்கல், அடித்தளம் தெரியவில்லை

இது நிஜமான பாசி. முதல் வேலை கேட்டைப் பூட்டுவது. ஆழமான பக்கத்தில் தரையில் இருக்கும் வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியாதவரை யாரையும் இறக்கக் கூடாது. உள்ளே ஒரு குழந்தை மூழ்கினாலும் வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

அடுத்து பிஎச். இதைக் குளோரின் போடுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். காரணம் இரண்டு. பிஎச் 7.5-இல் குளோரினில் ஏறக்குறையப் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8-க்குப் போனால் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இன்னொன்று, குளோரின் 10 பிபிஎம் தாண்டிய தண்ணீரில் பிஎச் அளக்கும் சிவப்புச் சொட்டு மருந்து ஊதாவாக மாறி, பிஎச் ஏகத்துக்கு இருப்பதுபோல் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி ஆசிட் ஊற்றியவர்களில் நானும் ஒருவன். ஆகவே முதலில் பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு லிட்டரை பக்கெட் தண்ணீரில் கலந்து, பம்பிலிருந்து தண்ணீர் பூலுக்குத் திரும்பும் குழாய் வாய்க்கு எதிரே மெதுவாக ஊற்றி, நாலு மணி நேரம் பம்ப் ஓடிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். போர் தண்ணீரில் அல்கலினிட்டி அதிகம் என்பதால் ஒரு லிட்டருக்கு அசையாது. இரண்டு மூன்று தடவை ஆகும், ஒரே மூச்சில் கொட்டாதீர்கள்.

பிறகு சூரியன் இறங்கியதும் குளோரின். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு லிட்டர் போட்டால் ஒரு லட்சம் லிட்டரில் 1 பிபிஎம் ஏறும். எவ்வளவு ஏற்றுவது என்பது சயனூரிக் ஆசிட்டைப் பொறுத்தது. அதில் 40 சதவீதம் அளவுக்குக் குளோரின் நிற்க வேண்டும் என்பது கணக்கு. சயனூரிக் 40 என்றால் குளோரின் 16, அதாவது கேனிலிருந்து 16 லிட்டர். கேன் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் கடைவாசலில் ஒரு மாதம் நின்ற ஹைப்போவில் வீரியம் பாதிகூட இருக்காது.

ஒரு தடவை போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பாசி குளோரினைத் தின்னும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அளந்து, குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே சுவர், படி, ஏணிக்குப் பின்புறம், லைட்டைச் சுற்றி எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வழவழவென்று இருக்கும் படலத்தைக் கிழித்தால்தான் மருந்து உள்ளே போகும். பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும், மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையாகும். செத்த பாசி அது, நல்ல சகுனம். அதற்குள் மணல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பிரஷர் கேஜ் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலை அலசுவது. பம்பை நிறுத்திவிட்டுத்தான் வால்வுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் கேஸ்கெட் போய்விடும். பக்கத்துக் கண்ணாடிக் குமிழில் முதலில் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர்போல் ஓடும், இரண்டு மூன்று நிமிஷத்தில் தெளியும். தெளிந்ததும் அரை நிமிஷம் ரின்ஸ், அப்புறம் ஃபில்டர் நிலைக்கு.

எப்போது நிறுத்துவது? இரவு பத்து மணிக்குக் குளோரின் அளந்து எழுதி வையுங்கள். விடிவதற்குள் மறுபடி அளங்கள். வெயிலே படாத அந்த நேரத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் விடாதீர்கள். இந்த ராத்திரிச் சோதனையில் தேறாமல் நான் கைவிட்ட ஒவ்வொரு முறையும் பத்து நாளில் பாசி திரும்பி வந்தது.

குளோரின் போதுமான அளவு காட்டுகிறது, ஆனாலும் பாசி

"சார், குளோரின் நிறையத்தான் இருக்கு. பாருங்க, எவ்ளோ மஞ்சளா வருது." எங்கள் பராமரிப்பு அண்ணன் சொட்டு மருந்துக் குப்பியைத் தூக்கிக் காட்டியபோது அவர் பொய் சொல்லவில்லை. மஞ்சள் அடர்த்தியாகத்தான் இருந்தது. கீழே படியில் கால் வழுக்கியதும் நிஜம்தான்.

முதல் சந்தேகம் கிட் மேல். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட் மொத்தக் குளோரினை மட்டும் சொல்லும். வேலை செய்து களைத்துப்போன குளோரினையும் சேர்த்து எண்ணிவிடும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட்தான் ஃப்ரீ குளோரினைத் தனியாகப் பிரித்துச் சொல்லும். அதை வாங்குங்கள்.

டிபிடியிலும் குளோரின் 3, 4 என்று காட்டுகிறதா? அப்படியானால் சயனூரிக் ஆசிட் ஏறிவிட்டது. இது குளோரினுக்குக் குடை மாதிரி. குடை இல்லாவிட்டால் நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் குளோரின் போய்விடும். அதனால் கொஞ்சம் வேண்டும். ஆனால் அது குளோரினைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். அளவு கூடக் கூட, இருக்கும் குளோரினில் வேலை செய்யும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும்.

எங்கிருந்து வருகிறது என்றால், நாம் தினமும் போடும் டிசிசிஏவிலிருந்தே. அதன் பாதிக்கு மேல் எடை சயனூரிக் ஆசிட்தான். 110 கிராம் டிசிசிஏ போட்டால் குளோரின் 1 பிபிஎம், சயனூரிக் 0.6 பிபிஎம் ஏறும். தினம் 220 கிராம் போடும் பூலில் மாதத்துக்கு 36. குளோரின் அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும், இது தீராது. ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. பேக்வாஷிலும் குழந்தைகள் அடிக்கும் தண்ணீரிலும் போவது மட்டுமே செலவு. மூன்று மாதத்தில் 100-ஐத் தொட்டுவிடும். அந்த நிலைமையில் மேலும் டிசிசிஏ போடுவது, சேற்றில் சிக்கிய வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் மிதிப்பது.

அளக்கும் முறை வேடிக்கையாக இருக்கும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழாய். பூல் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் பால் திரியும் பதத்துக்கு வெளுக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் ஊற்றி, மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, புள்ளி மறையும் இடத்தில் கோட்டைப் படிக்க வேண்டும். நான் முதல் தடவை ஊற்றியபோது குழாயின் முக்கால்வாசி காலியாக இருக்கும்போதே புள்ளி காணாமல் போனது. அளவுகோலே அங்கே முடிந்துவிட்டது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி அளந்து, வந்ததை இரண்டால் பெருக்கினேன். 120.

இதற்கு ஒரே வழி தண்ணீரை மாற்றுவது. 120-ஐ 40-க்குக் கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கு போக வேண்டும், 12,000 லிட்டர் டேங்கரில் குறைந்தது ஐந்தரை லோடு. கசக்கும்தான். ஆனால் 120 இருக்கும்போது பாசியைக் கொல்லக் குளோரின் 48 பிபிஎம் நிற்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை. ஒரேயடியாகக் காலி செய்யாமல் இரண்டு மூன்று தவணையாக மாற்றுங்கள். முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில் பூலைக் காலி செய்யவே கூடாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். உள்ளே எடை இல்லாத தொட்டியை அது கீழிருந்து தூக்கி விரிசல் விடச் செய்யும்.

அதற்குப் பிறகு நாங்கள் தினசரிக்கு ஹைப்போ திரவத்துக்கு மாறிவிட்டோம். டிசிசிஏ வெளியூர் போகிற வாரத்துக்கு மட்டும். பிளீச்சிங் பவுடர் மலிவு, சயனூரிக்கும் ஏற்றாது. ஆனால் அடியில் சுண்ணாம்பு மாவு தங்கும். வேறு வழியில்லை என்றால் பக்கெட்டில் கரைத்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றலாம்.

பச்சைதான், ஆனால் கண்ணாடிபோல் தெளிவு

பாசி இல்லை, உலோகம். பெரும்பாலும் செம்பு. எங்கள் பழைய ஒப்பந்தக்காரர் பாசிக்கு மருந்து என்று போட்டு வந்தது மயில்துத்தம். பாசியை அது கட்டுப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரிலேயே தங்கி, வெளுத்த முடியையும் வெள்ளை டைலையும் பச்சையாக்கும். இங்கே குளோரினைக் கொட்டினால் நிறம் இன்னும் கூடும். துத்தத்தை நிறுத்துங்கள், பிஎச்சை 7.2 பக்கம் வையுங்கள், தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

நிரப்பும்போது தெளிவாக இருந்த போர் தண்ணீர் குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் டீ நிறத்துக்குப் போனால் அது இரும்பு. வெள்ளைப் பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் ஹைப்போ விட்டுப் பார்த்தால் பூலை நிரப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நிழல் பக்கச் சுவரில் மஞ்சள் தூள். டைல் இடுக்கில் கரும்புள்ளி

மஞ்சள், தேய்த்தால் புழுதி மாதிரிக் கிளம்பி மறுநாள் அதே இடத்தில் உட்காரும். மணலும் அப்படித்தான் தெரியும். ஆனால் மணல் தரையில் மட்டும் படியும், சுவரில் ஒட்டாது. மருந்து பச்சைக்குச் சொன்னதே, ஆனால் பிரஷ், மிதவை, சக்ஷன் குழாய் எல்லாவற்றையும் பூலுக்குள்ளேயே போட்டு ஊறவைக்க வேண்டும். ஒளிந்திருந்து திரும்பி வருவது அவற்றில்தான்.

கரும்பாசி வேறு ஜாதி. உண்மையில் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. சிமென்ட் இடுக்கில் வேர்விட்டதுபோல் பிடித்து, மேலே ஒரு கவசப் படலம் போட்டுக்கொள்ளும். மேலோட்டமாகக் குளோரின் போட்டால் அசையாது. ஸ்டீல் பிரஷ் வைத்துத் தலையைச் சுரண்டிய பிறகு, பச்சைக்குச் சொன்ன குளோரின் அளவை ஒரு வாரமாவது விடாமல் பிடிக்க வேண்டும். ஃபைபர் தொட்டிக்கு ஸ்டீல் பிரஷ் ஆகாது, கீறல் விழும். புள்ளி இருந்த இடத்தில் கிரௌட் (டைல் இடுக்குப் பூச்சு) உதிர்ந்திருந்தால் அதைப் பூசாமல் தீராது.

பாசி இல்லை, தண்ணீர் மட்டும் மோர்போல் வெள்ளை

ஃப்ரீ குளோரின் சரி என்றால் ஃபில்டரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? மொத்தத் தண்ணீரும் ஒருமுறை சுற்றிவர ஆறிலிருந்து எட்டு மணி ஆகும், கோடையில் அதற்குக் குறைத்தால் கலங்கத்தான் செய்யும். பிரஷர் ஏறவே இல்லை, தண்ணீரும் தெளியவில்லை என்றால், மணலுக்குள் ஓட்டை விழுந்து தண்ணீர் வடிகட்டாமலே போகிறது. மணலை மாற்றுங்கள்.

ஃபில்டர் சரி, பிஎச் 7.8-க்கு மேல், கடினத்தன்மையும் அதிகம் என்றால் அது கால்சியம். ஆசிட்டால் பிஎச்சை இறக்கினால் ஓரிரு நாளில் தெளியும்.

அவசரமாகத் தெளிய வேண்டுமென்றால் படிகாரம். கரைத்துப் பரவலாக ஊற்றி, வால்வை ரீசர்குலேட்டில் (ஃபில்டருக்குள் போகாமல் சுற்றும் நிலை) வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டி, பம்பை நிறுத்திவிட வேண்டும். காலையில் தரையில் பஞ்சுமெத்தை விரித்த மாதிரிப் படிந்திருக்கும். அதை வால்வை வேஸ்ட்டில் வைத்து மெதுவாக உறிஞ்சி வெளியே விடுங்கள். ஃபில்டர் வழியாக விட்டால் மணல் கட்டியாகும். படிகாரம் அல்கலினிட்டியைத் தின்னும், அப்புறம் அளந்து பாருங்கள். 10 பிபிஎம் ஏற்ற 1.7 கிலோ சமையல் சோடா போதும்.

கண் எரிச்சல், மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி

"குளோரின் ஜாஸ்தியாப் போட்டுட்டீங்க அங்கிள்." வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை வரும். அநேகமாக உண்மை தலைகீழ். வியர்வை, சிறுநீர், உடம்பில் பூசிய எண்ணெய், லோஷன் எல்லாவற்றோடும் சேர்ந்து களைத்த குளோரின்தான் அந்த நெடி. மொத்தக் குளோரினிலிருந்து ஃப்ரீ குளோரினைக் கழியுங்கள். 0.5-க்கு மேல் வந்தால் குளோரின் போதவில்லை என்று அர்த்தம். இரவில் கூடுதலாக ஹைப்போ போட்டு, மறுநாள் அளவு 4-க்கு இறங்கும்வரை பூட்டி வையுங்கள். பிஎச் 7-க்குக் கீழே போனாலும் கண் எரியும். டிசிசிஏ மட்டுமே போடும் பூலில் இது சகஜம், ஏனென்றால் அது நல்ல புளிப்பு. குளித்துவிட்டு இறங்கச் சொல்லி போர்டு வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை.

எவ்வளவு போட்டாலும் டெஸ்டில் குளோரினே இல்லை

பயந்து இன்னும் கொட்டும் முன் டியூபை உற்றுப் பாருங்கள். சொட்டு விழுந்ததும் ஒரு கணம் சிவந்து, உடனே வெளுத்ததா? குளோரின் இல்லாமல் இல்லை, அளவுக்கு மீறி இருக்கிறது. அதுவே டிபிடியின் நிறத்தை வெளுத்துவிடுகிறது. ஒரு பங்கு பூல் தண்ணீருக்கு நாலு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து அளந்து, ஐந்தால் பெருக்குங்கள்.

நிஜமாகவே இல்லை என்றால் எதுவோ அதைச் சாப்பிடுகிறது. ஊரடங்கில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, தலைப்பிரட்டை நீந்திய பூல்களில் அம்மோனியா சேர்ந்திருந்தது. அதைத் தீர்க்கும்வரை குளோரின் நிற்காது. இல்லாவிட்டால் யாரோ எதிர்மருந்து போட்டிருப்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் உலகமே பார்க்கப் பச்சையானது இதனால்தான். குளோரின் இருந்த தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிவிட்டார்கள், அது குளோரினைச் செயலிழக்கச் செய்தது. பக்கத்துக் குளத்தில் போட்டி நடத்தத் தண்ணீரையே மாற்ற வேண்டி வந்தது. ஒலிம்பிக்கிலேயே இப்படி என்றால் நம் பம்ப் ரூமில் யார் எதை ஊற்றினார் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைப்பதில் தப்பில்லை.

தண்ணீர் மட்டத்தில் டைல் ஓரம் வெள்ளைப் படிவு

உப்புத் தண்ணீர் ஊர்களின் தலையெழுத்து. மே மாதம் தண்ணீர் ஆவியாகும், கால்சியம் ஆவியாகாது, அதற்கு மேல் மறுபடி போர் தண்ணீர் விட்டு நிரப்புகிறோம். நீர்த்த ஆசிட் தொட்ட துணியால் துடைத்தால் போகும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மழைநீரைப் பூலுக்கு விடும்படி மொட்டைமாடிக் குழாயைத் திருப்பினால் கடினத்தன்மை இறங்கும். முதல் இரண்டு மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், காக்கை எச்சமெல்லாம் அதில்தான் வரும்.

நுரை

பாட்டிலில் பாதி பூல் தண்ணீர் பிடித்துக் குலுக்குங்கள். நுரை நின்றால் சோப்போ, மலிவான பாசிக்கொல்லி மருந்தோ கூடிப்போயிருக்கிறது. மருந்தை நிறுத்தி, குளோரினைச் சரியாக வைத்து, பம்பை ஓடவிட்டால் சில நாளில் அடங்கும். எங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ஊதா நிற நுரையே வந்தது. ஹோலிக்கு மறுநாள். இப்போதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே கேட்டைப் பூட்டி, சாவியை என் வீட்டு அரிசி டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறேன்.